லொறியின் அலுமினிய ரேடியேட்டர், இன்டர்கூலர் ஓட்டையானால்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்பேயில் மீன் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓடும் லொறி, மூதூரில் நெல் ஏற்றும் லொறி, சீனக்குடாவில் சீமெந்து ஏற்றும் லொறி என்று எது வந்தாலும் கராஜ் வாசலில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஒயிலைக் குளிர்விக்கும் ஒயில் கூலர் மூன்றும் இதில் வரும். பக்கங்களில் அல்லது மேலும் கீழும் இருக்கும் பெட்டியை 'டேங்க்' என்றும், நடுவில் குழாயும் மெல்லிய தகடும் சேர்ந்திருக்கும் பகுதியை 'கோர்' என்றும், அந்தத் தகடுகளை 'ஃபின்' என்றும் சொல்கிறேன்.

என் லொறியில் இருப்பது அலுமினியமா, பித்தளையா? எப்படித் தெரிந்துகொள்வது?

டேங்க்கின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். டேங்க் கறுப்பு பிளாஸ்டிக் என்றால் கோர் பெரும்பாலும் அலுமினியம்தான். பழைய டாட்டா, லேலண்ட் லொறிகள் பலவற்றில் இன்னும் செம்பு-பித்தளை ரேடியேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்கூலர் என்றால் யோசிக்கவே வேண்டாம், அலுமினியம். காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது இரண்டிலும் ஒட்டாது.

இதை முதலில் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கக்கூடாது. ஒட்டும் முறை வேறு, கழுவும் மருந்து வேறு.

"பாஸ், தண்ணி குறையுது. ஆனா ஒரு இடத்திலயும் ஒழுகல." இது ஏன்?

சிறிய ஓட்டையில் கசியும் தண்ணீர் சூடான ஃபின்னில் பட்டதும் ஆவியாகிப் போய்விடும். கீழே சொட்டு விழாது. ஆனால் அடையாளம் விட்டுச் செல்லும். கூலன்ட் பச்சை என்றால் பச்சைக் கறை, சிவப்பு என்றால் இளஞ்சிவப்புக் கறை, வெறும் கிணற்றுத் தண்ணீர் என்றால் வெள்ளை உப்புப் படிவு. டோர்ச் அடித்து அதைத் தேடுங்கள். காலையில் எஞ்சினைத் தொடங்கும் முன் பார்ப்பது நல்லது. குளிரில் உலோகம் சுருங்கியிருக்கும்போது மட்டும் கசியும் வெடிப்புகள் உண்டு.

அப்படியும் கண்ணில் படாவிட்டால் மூடி இருக்கும் வாயில் கைப்பம்பு சோதனைக் கருவியை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும், அது பார் கணக்கு. முள் இறங்கினால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ரேடியேட்டரைக் குற்றம் சொல்லும் முன் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையையும் பாருங்கள். சீல் போனால் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு துளியும் இல்லை என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம். எஞ்சின் புளொக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டருக்குள் போகலாம், ஒயில் கூலர் வழியாக ஒயிலுக்குள்ளும் போகலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூடேறினால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் ஏ6 வீதியில் ஓடுபவர்கள். கந்தளாய் தாண்டி, கல்ஓயாச் சந்தி, ஹபரணை வரை காடு. இரவில் யானை நிற்கும். அந்த இடத்தில் தண்ணீர் தேடி வாய்க்காலுக்குள் இறங்குவது புத்தியான காரியம் இல்லை. ஐந்து லீற்றர் கேன் இரண்டு எப்போதும் கெபினுக்குள் இருக்கட்டும்.

சூடு ஏறுவது தெரிந்ததும் ஓரம் கட்டுங்கள். தண்ணீர் மிச்சம் இருந்தால், பெல்ட்டும் சுற்றுகிறது என்றால், ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கலாம். தண்ணீர் கொட்டிப் போய்விட்டது என்றால் உடனே அணையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சூடு காட்டும் சென்சர் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சர் வெறும் ஆவியில் நிற்கும். முள் மேலே போகாமல் கீழே இறங்கும். "முள் நோர்மலாத்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டு ஹெட் வளைந்த எஞ்சினோடு வந்து நிற்பவர்களுக்கு நடந்தது இதுதான். ஏறியிருந்த முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் நிறுத்துங்கள்.

மூடியை உடனே திறக்காதீர்கள். 0.9 பார் மூடிக்குள் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே அடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்துப் பிடித்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். அப்புறம் துணி போட்டு முதல் பிடி வரை மட்டும் திருப்பி ஆவியை விட்டு, பிறகு திறக்கவும். தண்ணீர் ஊற்றும்போது எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் ஒரேயடியாகக் குளிர் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம்.

ஓட்டை சிறிது என்றால் மூடியை முதல் பிடியில் மட்டும் நிறுத்தி, அழுத்தம் ஏறாமல் மெதுவாக ஓட்டி வருவது பழைய ஓட்டுநர்களின் வழி. அழுத்தம் இல்லாததால் கசிவு குறையும். ஆனால் 100 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், பாரம் ஏற்றிய லொறியை அப்படி ஹபரணையிலிருந்து திருகோணமலை வரை கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர் வரைக்கும்தான்.

மஞ்சள் தூள், மிளகுத் தூள், முட்டை போடலாமா? கடையில் விற்கும் அடைப்பு மருந்து?

வீட்டுக்குப் போய்ச் சேர வேறு வழியே இல்லை என்றால் மஞ்சள் தூள் ஊசித்துளையை அடைக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. அலுமினியக் கோரின் குழாய் தட்டையானது, உள்ளே தண்ணீர் ஓடும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். அங்கேயும் படியும். முட்டை இன்னும் மோசம். அழுகிய நாற்றத்தோடு ரேடியேட்டரைத் திறக்க வேண்டியவனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கடை மருந்தும் இதே சாதிதான், சற்று நயமாக அரைத்திருப்பார்கள், அவ்வளவுதான். போட்டிருந்தால் கராஜில் மறைக்காமல் சொல்லுங்கள். வெல்டிங் செய்ய வருபவருக்கு அது முக்கியமான தகவல், ஓட்டைக்குள் அந்த மருந்து இருந்தால் வெல்டிங் பிடிக்காது.

முன்பெல்லாம் ஈயம் வைத்து ஒட்டினார்களே, இதற்கு ஏன் முடியாது?

ஈயப் பற்று பித்தளைக்கும் செம்புக்கும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். சுரண்டினாலும் காற்றுப் பட்டவுடனே திரும்ப வந்துவிடும். ஈயம் அந்தப் படலத்தில் ஒட்டாமல் உருண்டு விழும். அலுமினியம் 660 பாகையில் உருகும், மேலே இருக்கும் படலமோ 2000 பாகையைத் தாண்டித்தான் உருகும். அலுமினிய வேலையின் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. மேல்தோல் உருகும்வரை சூடாக்கினால் உள்ளே இருப்பது எப்போதோ வழிந்து போயிருக்கும். இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. வெள்ளையாகவே நிற்கும், திடீரென்று விழுந்துவிடும்.

அப்படியென்றால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது?

முழு அலுமினிய டேங்க்கில் வெடிப்பு, ஹோஸ் மாட்டும் கழுத்து உடைவு, பிராக்கெட் கழன்ற இடம், டேங்க்கும் தலைத்தகடும் (கோர் குழாய்களின் முனைகள் செருகியிருக்கும் தகடு) சேரும் விளிம்பில் பிளவு. இவையெல்லாம் தடித்த உலோகம், நல்ல கை இருந்தால் வெல்டிங்கில் நிற்கும்.

கோர் குழாய் வேறு கதை. அதன் சுவர் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. வெளி வரிசையில் ஒரு கல் அடித்த ஓட்டை என்றால், சுற்றியுள்ள ஃபின்னை வெட்டி ஒதுக்கிவிட்டு, பொறுமையானவர் அடைத்துவிடுவார். முடியாவிட்டால் அந்தக் குழாயை இரண்டு பக்கமும் மூடிக் கைவிடுவார்கள். ஒன்றிரண்டு குழாய் போனால் லொறிக்குத் தெரியாது. அதற்கு மேல் மூட ஆரம்பித்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெரியும்.

விசிறி உரசிக் கோரின் நடுவில் வட்டமாக வெட்டியிருந்தால், அல்லது குழாய் முழுக்க அரிப்பு விழுந்து பல இடத்தில் ஈரம் காட்டினால், கோரை மாற்றுங்கள். ஒரு அரிப்புத் துளையை மூடினால் பக்கத்தில் அடுத்தது தயாராக இருக்கும். காசு வாங்கிக்கொண்டு அதை வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்று சொல்பவரிடம் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

விசிறி உரசியது என்றால் அது ஏன் உரசியது என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் இறங்கியிருக்கும், அல்லது வாட்டர் பம்பின் பேரிங் ஆடும். அதை விட்டுவிட்டு ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் புதியதையும் வெட்டும்.

வெல்டிங் செய்யும் இடம் சரியானதா என்று எப்படி அறிவது?

ஆர்கன் சிலிண்டரோடு டிக் (TIG) வெல்டிங் இருக்க வேண்டும், அதுவும் ஏசி மின்னோட்டம் தரும் இயந்திரம். திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம்தான் ஒட்சைட்டுப் படலத்தை உடைக்கிறது. டிசி மட்டும் தரும் சிறிய இன்வர்ட்டர் இயந்திரங்கள் இரும்புக்கும் ஸ்டெயின்லெசுக்கும் போதும், இதற்கு ஆகாது. நிரப்பும் கம்பி பெரும்பாலும் 4043, ஐந்து வீதம் சிலிக்கன் கலந்தது. மெல்லிய இடத்துக்கு 4047 நல்லது, பன்னிரண்டு வீதம் சிலிக்கன், இலகுவாக உருகி ஓடும்.

ஆனால் இயந்திரத்தைவிட, அவர் வெல்டிங்குக்கு முன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கூலன்ட் முழுவதும் வடிய வேண்டும். சுடுதண்ணீரில் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். நன்றாகக் காய வேண்டும். வெடிப்பின் ஓரத்தை இரும்பு வேலைக்குப் பயன்படாத தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கடைசியில் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம், வெல்டிங்குக்குப் பத்து நிமிடம் என்றால் நல்ல இடம். லொறியை நிறுத்தியதும் வெல்டிங் டோர்ச்சைப் பற்றவைப்பவர் என்றால் அடுத்த கராஜைப் பாருங்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைகோலின் எச்சம் சூட்டில் வாயுவாகி வெல்டிங்குக்குள் குமிழ் குமிழாக நிற்கும். மேலே பார்க்க வடிவாக இருக்கும், உள்ளே ஊசித்துளை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த உலோகத்தின் மேல் வெல்டிங் செய்யவே கூடாது. அந்த ஆவியில் வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு.

லொறியிலிருந்து கழற்றாமல் வெல்டிங் செய்யலாமா?

வேண்டாம். பின்பக்கம் பார்க்க முடியாது, உள்ளே தண்ணீர் நிற்கும், புதிய கொமன்ரெயில் எஞ்சின் என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஆபத்து. ஏதோ ஒரு காரணத்தால் செய்தே ஆக வேண்டும் என்றால் பெட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, எர்த் பிடியை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

போன முறை வெல்டிங் செய்த இடம் நன்றாக இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒழுகுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இல்லை, சூட்டின் வேலை. கோர் தொழிற்சாலையில் வெல்டிங் செய்து உருவாவதில்லை. குழாய், ஃபின், தலைத்தகடு எல்லாவற்றையும் அடுக்கி, ஏறத்தாழ 600 பாகைச் சூளைக்குள் விடுவார்கள். பாகங்களின் மேல் பூசியிருக்கும் சிலிக்கன் கலந்த படை மட்டும் உருகி எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தப் படை 577 பாகையிலேயே உருக ஆரம்பிக்கும். அலுமினியமோ சூட்டை நன்றாகக் கடத்தும். ஒரு குழாய் மூட்டில் நேரம் எடுத்து வெல்டிங் செய்தால் பக்கத்து மூட்டுகள் தளர்ந்துவிடும்.

இதனால்தான் அனுபவசாலிகள் ஒரு சென்ரிமீற்றர் செய்துவிட்டு நிறுத்துவார்கள், வேறு பக்கம் போவார்கள், பக்கத்து மூட்டுகளுக்கு ஈரத்துணி போடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள். தேத்தண்ணி குடிக்கப் போய் வாருங்கள்.

எபொக்சி பசை எவ்வளவு நாள் நிற்கும்?

எபொக்சிப் பிசினில் உலோகத் தூள் கலந்த இரண்டு பகுதிப் பசைகளில் நல்லவை ரேடியேட்டர் சூட்டைத் தாங்கும். சுரண்டி, துடைத்து, முழுதாகக் காயவிட்டு, தட்டையான டேங்க் பரப்பில் ஒட்டினால் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோர் குழாயில் அப்படி நிற்பது அரிது. ஈரத்தின் மேல் பூசினால் ஒரு பயணம் கூடத் தாங்காது. இன்டர்கூலரின் சூடான பக்கத்தில் பூச வேண்டாம். பசை போட்ட இடத்தைப் பிறகு வெல்டிங் செய்ய வேண்டுமானால் அதை ஒரு துகள் விடாமல் அரைத்து எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் ரேடியேட்டரின் டேங்க் பிளாஸ்டிக். அது வெடித்துவிட்டது.

கண்ணாடி நார் கலந்த நைலோன் அது. சூட்டிலும் வயதிலும் முறுகிப் போகும். ஒரு இடத்தை ஒட்டினால் இன்னொரு இடத்தில் வெடிக்கும். டேங்க்கை மாற்றுவதே சரி. தலைத்தகட்டின் விளிம்பில் பல்வரிசை போல் மடித்திருக்கும் அலுமினிய நாக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, டேங்க்கை எடுத்து, ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, திரும்ப மடிக்க வேண்டும். ரப்பரை மறுபடி பாவிக்காதீர்கள். நாக்குகளை டேங்க் வெளியே வரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். அலுமினியம் இரண்டாவது மூன்றாவது மடிப்பில் ஒடிந்துவிடும்.

தண்ணீர் குறையவில்லை, சூடும் இல்லை. ஆனால் இழுவை இல்லை, கரும்புகை வருகிறது.

இன்டர்கூலரைப் பாருங்கள். டர்போ அமுக்கிய காற்று 150 பாகைக்கு மேல் சூடாகி வரும். அதைக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. ஓட்டை இருந்தால் காற்று வெளியே போகும், டீசல் அதே அளவு விழும், எரியாத டீசல் புகையாகும். ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டி வரும், சிலவேளை விசில் சத்தம் கேட்கும். வெளியேறும் புகையின் சூடும் கூடும், அது டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் கெடுதி. பலர் இன்ஜெக்டரையும் பம்பையும் கழற்றிச் செலவழித்த பிறகுதான் இதற்கு வருகிறார்கள். முதலில் ஹோஸும் கிளிப்பும் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

சோதிப்பதற்கு இரண்டு வாயையும் அடைத்து 30 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 2 பார்) காற்று ஏற்றி, வால்வை மூடிவிட்டு மணி பார்க்க வேண்டும். 15 விநாடியில் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது என்பது பெரிய லொறி எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதாவது, இன்டர்கூலர் துளியும் கசியக்கூடாது என்று இல்லை. ரேடியேட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடைக்கும் மூடிகளைச் சங்கிலியாலோ வயராலோ கட்டாமல் காற்று ஏற்ற வேண்டாம். அத்தனை அகலமான வாயில் 30 பி.எஸ்.ஐ. என்பது பெரிய விசை. கழன்றால் ஆளை அடித்துப்போடும்.

இன்டர்கூலர் வெல்டிங்கில் ஒரு கூடுதல் வேலை உண்டு. டர்போ பக்கத்திலிருந்து வந்த ஒயில் உள்ளே படிந்திருக்கும். அதைக் கழுவாமல் செய்த வெல்டிங் கரியும் துளையுமாக வரும். டர்போ உடைந்து இரும்புத் துண்டு உள்ளே போயிருந்தால் கழுவி நம்ப முடியாது, இன்டர்கூலரையே மாற்றுங்கள்.

ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது.

லொறியைத் தொடங்கவே வேண்டாம். ஒயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கட். ஓட்டிக்கொண்டு வராமல் இழுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் கலந்த ஒயிலில் பேரிங் அதிக நேரம் தாங்காது. ஓட்டோமெட்டிக் கியர் லொறி என்றால் கியர் ஒயில் கூலர் ரேடியேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கலாம். அது பிளந்தால் கியர்பொக்ஸுக்குள் தண்ணீர் போய் கிளச் தட்டுகள் உரிந்துவிடும்.

திருத்திய ரேடியேட்டரை எப்படிச் சோதித்து வாங்குவது?

தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்று ஏற்றி, நீங்களே நின்று பாருங்கள். மூடியின் அளவு, அல்லது அதற்குச் சற்று மேல்; 0.9 பார் மூடி என்றால் 15 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 1 பார்) சுமாராகப் போதும். கொம்ப்ரெசர் ஹோஸை நேரடியாக மாட்டினால் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் போய் டேங்க் ஊதிவிடும். ரெகுலேட்டர் இல்லாத இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம். சில நிமிடம் விடுங்கள். சிறிய துளை நிதானமாகத்தான் குமிழ் விடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? இங்கே கிணற்றுத் தண்ணீர்தானே இருக்கிறது.

திருகோணமலையில் அலுமினிய ரேடியேட்டரைக் கொல்வது கல்லடியைவிட இதுதான் என்பது என் முடிவு. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலை ஒட்டிய கிணறுகள் கோடையில் உவர்க்கும். உப்பின் குளோரைட்டு அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலத்தை ஒரு புள்ளியில் உடைத்து, அங்கேயே குடைந்துகொண்டு போகும். முழுதும் தேயாது, ஊசித்துளையாக விழும். உள்நாட்டுக் கிணறுகளில் உப்பு குறைவாக இருந்தாலும் சுண்ணாம்பு கூட. கேத்தலுக்குள் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வெள்ளைப் படிவு குழாய்க்குள்ளும் படிந்து சூட்டை வெளியே விடாது. குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதிலும் குளோரின் உண்டு.

பெட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்குங்கள். தண்ணீர்தான், அசிட் இல்லை, போத்தலைப் பார்த்து வாங்கவும். அதோடு லொறிக் கம்பனி சொல்லும் வகைக் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். "இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று கேட்பார்கள். உறைவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் நமக்குத் தேவை, கொதிநிலை ஏறுவது மேலதிக லாபம். அந்த மருந்து காலப்போக்கில் தீர்ந்துவிடும். ஆகவே நிறம் நன்றாக இருந்தாலும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள், சில சேர்ந்தால் கூழாகும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யவும் முடியாது.

கூலன்ட் சரியாகத்தான் ஊற்றுகிறேன். இருந்தும் துளை விழுகிறது.

மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். எஞ்சினுக்கோ கெபினுக்கோ எர்த் வயர் கழன்றிருந்தால் மின்னோட்டம் தண்ணீர் வழியாக வழி தேடும், அலுமினியம் கரையும். மல்ட்டிமீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவ்விலும் மற்றதை உலோகத்தில் படாமல் கூலன்ட்டுக்குள்ளும் பிடியுங்கள். விளக்கு, விசிறி, ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். லொறி வாங்கிய பிறகு மேலதிகமாகப் பொருத்திய லைட், ஹோர்ன், மீன் பெட்டிக் கூலர் வயரிங்தான் பெரும்பாலும் குற்றவாளி.

மீன் லொறிக்கு வெளியிலிருந்து அரிப்பு வருமா?

வரும். கடற்காற்று ஒரு பக்கம், ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். துறைமுக மேடையில் தேங்கி நிற்கும் தண்ணீர் முன் லொறியின் சில்லு பட்டு நேரே உங்கள் ஃபின்னில் அடிக்கும். ஃபின் வெள்ளைத் தூளாகி, விரல் பட்டால் உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒழுகாவிட்டாலும் சூட்டை வெளியே விடாது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடிக்க வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். நெல் லொறிக்காரருக்கும் இதே ஆலோசனைதான். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உமியும் வைக்கோல் துகளும் அடைந்து நிற்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. சூடேறும் லொறி என்று வந்து, இரண்டையும் பிரித்துக் கழுவியதோடு திரும்பிப் போனவை உண்டு.

காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவினால் நன்றாகச் சுத்தமாகுமாமே?

பித்தளை ரேடியேட்டரை அப்படிக் கழுவுவார்கள். அலுமினியத்தில் ஊற்றினால் அழுக்கோடு ரேடியேட்டரும் கரையும். நுரைத்துக்கொண்டு ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் பற்றும். ஊற்றாதீர்கள்.

எல்லாம் திருத்தியாயிற்று. இன்னும் சூடேறுகிறது.

உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, தேர்மோஸ்ட்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறக்கும்வரை மட்டம் பார்த்து நிரப்புங்கள். நிற்காமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கேஸ்கட் வழியாக வருகிறது. அந்த அழுத்தம்தான் முதலில் ரேடியேட்டரையும் பிளந்திருக்கும், திரும்பவும் பிளக்கும். அதுவும் இல்லை என்றால் விசிறிக் கிளச், தேர்மோஸ்ட்டாட், பழைய மூடி என்று வரிசையாகப் பாருங்கள். மூடி மலிவான சாமான், ரேடியேட்டரோடு சேர்த்து மாற்றிவிடலாம். கீழ் ஹோஸ் ஓட்டத்தில் உறிஞ்சிச் சப்பையாகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கச்சான் மாதங்களில் மட்டும் சூடேறினால் கோரின் பலம் குறைந்திருக்கிறது. காற்றே 35 பாகைக்கு மேல் கொதித்து வரும்போது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். மாரியில் சமாளித்த அரை அடைப்புக் கோர் அப்போது சமாளிக்காது.

புதியது வாங்குவதா, ரீகண்டிஷன் வாங்குவதா?

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ரேடியேட்டர் நன்றாகவே இருக்கலாம், அல்லது உள்ளே பாதி அடைத்திருக்கலாம். வாய்க்குள் டோர்ச் அடித்து குழாய் முனைகளைப் பாருங்கள், தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகமாக வடிகிறது என்றும் பாருங்கள். ஃபின் உதிர்ந்தால் வாங்காதீர்கள். மலிவான புதியதில் கோரின் தடிப்பை அளந்து பாருங்கள். நீளமும் அகலமும் பொருந்தும், தடிப்பில் குறைத்திருப்பார்கள். வெற்று லொறிக்கு அது ஓடும், பாரத்தோடு ஓடாது. பழையதை ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வடித்த கூலன்ட்டை எங்கே ஊற்றுவது?

கானுக்குள்ளும் வேண்டாம், கிணற்றடியிலும் வேண்டாம். எதிலீன் கிளைகோல் நஞ்சு, அதுவும் இனிக்கும் நஞ்சு. நாய் நக்கிக் குடிக்கும், பிள்ளைகளும் வாய் வைக்கலாம். திறந்த பேசினில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால், புதிதாக மாற்றிய கூலன்ட் என்றால், துணியில் வடித்துத் திரும்ப அதே லொறிக்கே ஊற்றலாம். பழையது என்றால் மூடியுள்ள கேனில் அடைத்து, பெயர் எழுதி, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் அதற்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். கழிவு ஒயிலோடு கலந்துவிட வேண்டாம், கலந்தால் இரண்டையும் எடுக்கமாட்டார்கள்.